மலைக்குப் போகும் முன் மூன்று கேள்விகள்

(கோத்தகிரி அருகே தங்கும் விடுதி நடத்தும் நம் குடியிருப்பு உறுப்பினர் ஒருவர், கோடை விடுமுறைக்கு முந்தைய பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



"ஊட்டிப் பக்கம் நல்ல ரூம் எது?" என்று லிஃப்டில் என்னைக் கேட்காதவர்கள் இங்கே குறைவு. அதனால் செயலாளர் இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்.

என் விடுதியில் ஆறு அறைகள்தான். ஆரம்பித்த முதல் வருடம், மிஞ்சிய சாப்பாட்டைப் பின்பக்கச் சரிவில் கொட்டினோம். மண்ணோடு மக்கிப் போகும் என்று நினைத்தேன். கோத்தகிரிப் பக்கம் கரடிகள் அதிகம். எண்ணெய் வாசனை இருந்தால் வீட்டுக் கதவையே உடைக்கும். ஒரு கரடி தினமும் வரத் தொடங்கியது. விடியற்காலையில் கொழுந்து பறிக்கக் கிளம்பிய பக்கத்து ஹட்டி அம்மா ஒருவர், அதைப் பார்த்துப் பயந்து ஓடி விழுந்து கையை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க விருந்தாளிங்க மிச்சம் வெச்ச பிரியாணிக்காக நாங்க ஏன் சார் பயந்து நடக்கணும்?"

என்னிடம் பதில் இல்லை. விடுதி நடத்துவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

இப்போது குப்பை இரும்புக் கதவு போட்ட அறைக்குள்தான் இருக்கும். சாப்பாடு முன்கூட்டிச் சொன்னால் மட்டும், சொன்ன அளவுக்குத்தான் சமைப்போம். கேம்ப் ஃபயர், பாட்டுக் கச்சேரி கிடையாது. இரவில் வெளி விளக்குகளை அணைத்துவிடுவோம்.

அடுத்தது தண்ணீர். எங்களுக்கு வரும் ஊற்றுத் தண்ணீர்தான் கீழே உள்ள ஹட்டிக்கும் போகிறது. கோடையில் ஊற்று மெலிந்துவிடும். விருந்தாளிகள் குவிவதும் அப்போதுதான். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு அறைகளைப் பூட்டி வைக்கிறோம். படுக்கை விரிப்பு தினமும் மாற்றுவதில்லை. கூரையில் விழும் மழைநீரைச் சேமிக்கிறோம். சோலார் ஹீட்டர் வைத்தோம். மேகமூட்டமான நாட்களில் அது சரியாகச் சுடாது, ஆளுக்கு ஒரு வாளிதான் தருவோம்.

மூன்றாவது ஆட்கள். நான்கு பேரும் உள்ளூர்க்காரர்கள். மழை மாதங்களில் அறைகள் காலியாகக் கிடக்கும். அப்போதும் முழுச் சம்பளம் உண்டு. ஆரம்பத்தில் அப்படித் தரவில்லை. சீசன் முடிந்ததும் அனுப்பிவிடுவேன், அடுத்த சீசனுக்குப் புது ஆள் தேடி அலைவேன்.

இதற்கெல்லாம் விலை உண்டு. எங்கள் வாடகை பக்கத்து விடுதிகளை விடச் சற்று அதிகம். "தண்ணி கூடத் தர மாட்டேங்கறாங்க" என்று இணையத்தில் எழுதியவர்களும் உண்டு. கோடையில் பூட்டிய அறைகளின் வருமானம் போனது போனதுதான்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். எந்த மலையில் ரூம் போட்டாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குப்பை எங்கே போகிறது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வேலை செய்பவர்களுக்கு வருடம் முழுவதும் சம்பளம் உண்டா? பத்துப் பேர் கேட்டால் விடுதிக்காரர் யோசிப்பார். நானே ஒருவர் கேட்டுத்தான் யோசித்தேன்.

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள்; பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மலை ஏற்றாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மூன்று கேள்விகளையும் நம் குடியிருப்புக்கும் கேட்கலாம். நம் குப்பை லாரி எங்கே கொட்டுகிறது, டேங்கர் எந்த ஊர்க் கிணற்றில் நிரப்புகிறது, ஹவுஸ்கீப்பிங் அக்காமார்களுக்கு லீவு எடுத்த நாளில் சம்பளம் உண்டா? எனக்குத் தெரியாது. அடுத்த கூட்டத்தில் சேர்ந்து பேசுவோம்.