கதை எழுத விரும்பும் இளைஞர்களுக்கு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



“தாயகத்தை விட்டு இத்தனை தொலைவில் வாழும் நமக்குக் கதை எழுத என்ன இருக்கிறது?” என்று நம் இளைஞர்கள் கேட்பதுண்டு. அதற்கு இம்மாநகரமே விடை கூறியிருக்கிறது.

நாஞ்சில் நாட்டு வீரநாராயணமங்கலத்தில் 1947-இல் பிறந்த இளைஞர் ஒருவர், 1972-இல் வேலைக்காக அந்நாளைய பம்பாய்க்கு வந்தார். அவரே நாஞ்சில் நாடன். அவருடைய முதற்கதை ‘விரதம்’ 1975-இல் ‘தீபம்’ இதழிலும், ‘தலைகீழ் விகிதங்கள்’ என்னும் நாவல் 1977-இலும் வெளிவந்தன. ஊரைப் பிரிந்த பின்னரே ஊர் அவர் எழுத்தில் உருக்கொண்டது. பிரிவு நினைவைக் கூர்மையாக்கும் அன்றோ? பின்னர் ‘மிதவை’யில், பிழைப்புத் தேடி இந்நகர் வந்த இளைஞனின் வாழ்வையும் எழுதினார். 2010-இல் சாகித்திய அகாதெமி விருது அவரை நாடி வந்தது.

மும்பையில் வாழும் அம்பை அவர்களோ, அஜ்மீர்க் குடும்பம் ஒன்றின் அடுக்களையைத் தமிழ்க் கதையாக்கினார். அவருக்கும் 2021-இல் அவ்விருது கிடைத்தது. ஆதலின், பிறமொழியாளர் நடுவே வாழ்வது குறையன்று. அதுவே நமக்கு வாய்த்த செல்வம்.

தாராவியில் தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த பாட்டனார், தட்டச்சுக் கற்று அலுவலில் அமர்ந்து மாட்டுங்காவில் குடியேறிய தந்தையார், செம்பூரில் பேரனுக்கு அகரம் எழுதக் கற்பிக்கும் பாட்டியார் ஆகிய இவர்களை எழுத நம்மையன்றி யார் உளர்? சென்ற ஆண்டு பெரியவர் ஒருவரைக் கண்டு பழங்கதை கேட்க எண்ணியிருந்தோம். அடுத்த ஞாயிறு போகலாம் என்று தள்ளிப்போட்டோம். அந்த ஞாயிறு வருமுன் அவர் மறைந்தார். அவரோடு ஒரு தெருவின் வரலாறே மறைந்தது. அந்தத் தவற்றை நீங்கள் செய்யாதீர்கள்.

இனிச் சில சொற்கள். நாள்தோறும் ஒரு பக்கமேனும் எழுதுங்கள். மின்சார ரயிலில் இடம் கிடைத்தால் அதுவும் எழுதும் மேசையே. நம் வீட்டுப் பேச்சில் இந்தியும் மராத்தியும் கலந்துள்ளன; கதைமாந்தர் பேசும்போது அதை மறைக்க வேண்டா. ‘சால்’ என்று வழங்குவதைச் ‘சால்’ என்றே எழுதுங்கள். எழுதியதை உரக்கப் படித்து, நா இடறும் இடத்தைத் திருத்துங்கள். அறிவுரை சொல்லும் ஆசையை அடக்குங்கள். மாந்தரின் செயலே பேசட்டும். கதை திரும்பி வந்தால் சோர்வு வேண்டா. ஒரு திங்கள் கழித்துப் படித்தால் குறை தானே புலப்படும்.

தமிழ் படிக்க வராத பிள்ளைகள் நம் வீடுகளிலேயே வளர்கின்றனர். தங்கள் தெருவும் தங்கள் பாட்டியும் ஒரு தமிழ்க் கதையில் இருப்பதாக அறிந்தால், அதைப் படிக்கவேனும் அவர்கள் எழுத்துக் கூட்டுவார்கள். அந்தக் கதையை எழுதி, அடுத்த ஆண்டு மலருக்குத் தாருங்கள். காத்திருக்கிறோம்.