விதைக்காமல் வருகிற கீரை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. கடன், வங்கி இணைப்பு பற்றியெல்லாம் பேச இங்கே ஆள் இருக்காங்க. "கொல்லையில் தானா முளைக்கிற கீரையைப் பறிச்சுக் குழு மூலமா விற்கலாமா?" என்று போன கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கன்னு என்னை நிறுத்திட்டாங்க.

செம்பாக்கத்தில் எங்க இடம் இரண்டு கிரவுண்டு. மாமனார் காலத்து மனை. வீடு போக, பின்பக்கம் மண்ணாகவே கிடக்கு. ஒரு முருங்கை, ஒரு நாவல், வேலியோரம் பிரண்டையும் கோவைக்கொடியும். சுத்தியும் அடுக்குமாடி வந்தாச்சு. 2021-இல் நாம் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்த பிறகு மனை விலை உங்களுக்கே தெரியும். மழைக்காலச் சேறு தாங்காமல் என் பையன் முழுசுக்கும் பேவர் பிளாக் போட்டுடலாம் என்கிறான். அந்தப் பேச்சு வீட்டில் இன்னும் முடியலை.

ஐப்பசியில் நாலு மழை நல்லாப் பெய்தால் போதும், பத்து நாளில் தரை பச்சையாகிடும். மூக்கிரட்டை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை எல்லாம் யாரும் விதைக்காமல் வரும். முடக்கத்தான் வேலியில் ஏறும். மூக்கிரட்டையைப் பாசிப்பருப்போடு கூட்டு வைப்பேன், முடக்கத்தானை அரைத்துத் தோசைமாவில் கலப்பேன். மார்கழிச் சளிக்குத் தூதுவளை ரசம். தை வரைக்கும் எங்க வீட்டில் கீரைக்குக் காசு கொடுக்கிறதில்லை. பிரண்டையில் இளங்கொழுந்து மட்டும்தான். கையில் எண்ணெய் தடவிக்கிட்டு நார் உரிச்சு, நல்லெண்ணெயில் நல்லா வதக்கி, புளி வைத்து அரைக்கணும். அரைகுறையா வதக்கினால் நாக்கு அரிக்கும், அப்புறம் அந்த வீட்டில் பிரண்டையை யாரும் தொட மாட்டாங்க!

அடையாளம் தெரியாததை வாயில் வைக்கக்கூடாது. இதே மழையில்தான் கண்வலிக்கிழங்கும் முளைக்கும். செங்காந்தள் என்று நம்ம மாநில மலரா வச்சிருக்கோமே, அதேதான். பூ அவ்வளவு அழகு, கிழங்கு உயிரை எடுக்கும் விஷம். வள்ளிக்கிழங்குன்னு நினைச்சுத் தின்னு செத்தவங்க உண்டு.

கீரை வரும்போது மற்றதும் வரும். தவளை கத்தும், ஈசல் பறக்கும், அதைத் தேடிச் செண்பகம் வரும், சாரைப்பாம்பும் வரும். சாரைக்கு விஷம் கிடையாது, எலியைத் தின்னும், அதை அடிக்காதீங்க. ஆனா அது சாரையா நல்லதா என்று பக்கத்தில் போய்ப் பார்க்கவும் வேண்டாம். வனத்துறைக்கோ தீயணைப்புக்கோ சொல்லுங்க. கடித்துவிட்டால் மந்திரம், பச்சிலை ஒன்றும் வேண்டாம், நேரா அரசு ஆஸ்பத்திரிதான். விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுக்கிறவங்க நம்ம பக்கத்து ஆளுங்கதான். வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்குது. கௌதாரி, காடை, உடும்பு இதையெல்லாம் பிடிக்கிறது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆசைப்பட்டு யாரும் வாங்கக்கூட வேண்டாம்.

கோடையில் கோவைப்பழம் சிவந்தால் அது குயிலுக்கும் கிளிக்கும். காயா இருக்கும்போது பொரியலுக்கு நான் எடுத்துக்கிறேன், கணக்கு சரியாப் போச்சு. ஆனியில் நாவல் கொட்டும். வௌவால் கடிச்ச பழத்தைக் குழந்தைகள் பொறுக்கித் தின்னாமல் பார்த்துக்கணும்.

இப்போ விற்கிற விஷயத்துக்கு வர்றேன். கேட்டவங்க மனசில் இருந்தது ஏரிக்கரை. அங்கே பொன்னாங்கண்ணியும் வள்ளைக்கீரையும் கொழுகொழுன்னு இருக்கு, உண்மைதான். ஏன் அவ்வளவு கொழுப்பு? வருஷக்கணக்கா அந்தத் தண்ணியில் சாக்கடை கலந்தது. ஏரியை மீட்கத் தொண்டு நிறுவனங்களும் சென்னை ஐ.ஐ.டி.யும் வேலை செய்திருக்காங்க, பறவைக்கு அது நல்லது. அதனால் கீரையும் நல்லதாகிவிட்டது என்று ஆகாது. தண்ணிக்கீரைகள் சேற்றில் இருக்கிற ஈயம், காட்மியம் எல்லாத்தையும் உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்ளும். மண்ணைக் கழுவலாம், உப்புத்தண்ணியில் அலசலாம், உள்ளே போனதைக் கழுவ முடியாது. நம்ம பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவதை மற்றவங்க பிள்ளைக்குக் கட்டு கட்டி விற்கலாமா? சாலையோரம், மருந்தடித்த காலிமனை, இதுவும் வேண்டாம். நன்மங்கலம் காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் பறிப்பது சட்டப்படி தப்பு.

அப்போ வழியே இல்லையா என்றால், இருக்கு. திருக்கழுக்குன்றம் பக்கம் தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் 1986-இல் சங்கம் ஆரம்பிச்சாங்க. காட்டு மூலிகை தெரிஞ்சவங்க அவங்க. காட்டில் பறிக்கிறதோடு நிற்காமல் நாற்றங்கால் போட்டுச் செடியாகவும் வளர்த்தாங்க. அதுதான் நமக்கு ஏற்ற வழி. மண் இருக்கிற உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று முதலில் கணக்கெடுப்போம். ஆளுக்கு ஒரு பாத்தி அளவு போதும். தன் வீட்டில் முளைத்து, தன் வீட்டில் சமைப்பதை மட்டும் சந்தைக்குக் கொண்டு வரட்டும். வாரம் பத்துக் கட்டு வந்தாலும் சரி. அப்படி ஒரு வருமானம் வந்தால், பேவர் பிளாக் பேச்சில் என் பக்கமும் கொஞ்சம் பலம் கூடும்.

அடுத்த கூட்டத்துக்குப் பிரண்டைத் துண்டு ஒரு பை கொண்டு வர்றேன். இரண்டு கணு இருந்தால் போதும், சாய்வா நட்டால் பிடிச்சுக்கும், பழைய பெயிண்ட் டப்பாவிலும் வளரும். மாடியில் இருக்கிறவங்க கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கோங்க. தூதுவளைப் பழம் காய வைத்திருக்கேன், அதில் விதை எடுத்து ஆளுக்கு ஒரு பொட்டலம்.