லேண்ட் ரோவருக்கு இடமுண்டு, ஓட்டுநருக்கு?

கேமரன் மலையில் இன்னும் முட்டைக்கோசு சுமந்து திரியும் பழைய லேண்ட் ரோவர்களை நீங்கள் நன்றாக அறிவீர்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த வண்டியும் சாலையில் இறங்கக்கூடாது என்கிறது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். ஆனால் பழைய வண்டி, லாரி, டாக்சி என்றால் காப்புறுதி நிறுவனங்கள் தயங்கும். அதனால்தான் 1992இல் பொதுக் காப்புறுதி நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டு நிதியம் அமைத்தன. தனியாகச் சுமக்க ஒருவரும் விரும்பாத வண்டியை எல்லாரும் பங்குபோட்டுச் சுமக்கிறார்கள். இரும்புக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதை ஓட்டுகிறவருக்கு இனிப்புநீர் வந்துவிட்டால், அவர் உடம்பை யார் பங்குபோடுவது?

மருத்துவக் காப்புறுதி விண்ணப்பத்தில் ஒரு வரிசைக் கேள்விகள் இருக்கும். எதிரே இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை. இனிப்புநீர் உண்டா, ரத்தக்கொதிப்பு உண்டா, தாய் தந்தைக்கு உண்டா? 'ஆம்' கட்டத்தில் பேனா பட்டால் சந்தா ஏறும். அந்த நோய்க்கு மட்டும் விலக்கு எழுதப்படும். சிலருக்கு விண்ணப்பமே திரும்பி வரும். 'இல்லை' என்று பொய் சொன்னால், பணம் கேட்கும் நாளில் மாட்டிக்கொள்வோம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. நாட்டின் சராசரியோ 18.3. அதாவது அந்தக் கணக்கில் நம்மில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் பேனா 'ஆம்' கட்டத்தில்தான் இறங்கவேண்டும். மூன்றில் ஒருவருக்கு வரும் நோயை 'விதிவிலக்கு' என்று சொல்வது விசித்திரமான கணக்கு.

"நோயாளிகளை விருப்பம்போல் சேர்த்தால், நோய் வந்த பிறகுதான் எல்லாரும் சேருவார்கள், நிதி கவிழும்" என்பார்கள். உண்மை, அதை மறுக்க மாட்டேன். அமெரிக்க மாநிலங்கள் பல, நோயுள்ளவர்களுக்கென்றே தனி நிதியம் நடத்திப் பார்த்தன. சந்தா உயர்ந்தது, பணம் போதவில்லை, சில இடங்களில் காத்திருப்போர் பட்டியல் போட்டார்கள். 2014இல் அந்நாட்டுச் சட்டம், முன்பே உள்ள நோயைக் காட்டி ஒதுக்கக்கூடாது என்ற பிறகு அந்த நிதியங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆகவே நான் கேட்பது நோயாளிகளின் தனி நிதியம் அல்ல. நல்ல உடம்பும் நோயுள்ள உடம்பும், சம்பளம் வாங்கும் அன்றே, கேள்வித்தாள் இல்லாமல் ஒன்றாகச் சேரும் நிதி. "சீனி போட்டுக் குடித்தது அவன்தானே?" என்பவருக்கும் பதில் உண்டு: கொழுந்து கத்தரிக்கையில் கை அறுபட்டவரிடம், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ, 'கவனக்குறைவு யாருடையது?' என்று விசாரித்தா பணம் கொடுக்கிறது?

ஆம், சொக்சோ. 1969ஆம் ஆண்டுச் சட்டம் நமக்கு அந்தப் பாதையை முன்பே போட்டுவிட்டது. கிராணி, லாரி ஓட்டுநர், பூச்சிமருந்து தெளிப்பவர் எல்லாருக்கும் ஒரே விகிதம்: விபத்துக்கு முதலாளி சம்பளத்தில் 1.25 விழுக்காடு, வேலை செய்ய முடியாத நிலைக்கு இருவரும் அரை அரை. யார் ஆபத்தானவர் என்று யாரையும் பிரிக்கவில்லை. நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து இங்கே கொழுந்து எடுப்பவர்களை 2019இல் விபத்துத் திட்டத்தில் சேர்த்தார்கள். 2024இல் வேலை செய்ய முடியாத நிலைக்கான திட்டத்திலும் சேர்த்தார்கள். நிதி கவிழவில்லை. "அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளிக்கு வைத்தியம் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்பதுதான் கடைசிக் கேள்வி. அந்த ஒரு வெள்ளி பெரிய வரம், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் பெரிய சிகிச்சைக்கு ஈப்போவுக்கு மலையிறங்கும் வண்டிக்கூலி அதில் இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்பவருக்குச் சட்டப்படி 60 நாள் ஆஸ்பத்திரி விடுப்பு உண்டு. பிரிஞ்சாங் சந்தையில் காய் விற்பவருக்கு ஒரு நாளும் இல்லை. அவர் சொந்தத் தொழில் செய்பவர். அவருக்கும் விபத்துக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொக்சோவில் இடம் கொடுத்தாகிவிட்டது. அந்தச் சட்டத்தில் நோய்க்கும் ஒரு பிரிவைச் சேர்த்து எழுதுங்கள் என்றுதான் நாடாளுமன்றத்தைக் கேட்கிறோம்.