யார் போவது என்று யார் முடிவு செய்வது?



உலக மாநாட்டுப் படங்களில் 'இந்தியா' என்ற பெயர்ப்பலகையும் அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரும் தெரிவார்கள். அவரை அங்கே அனுப்பியது யார் என்று நாம் கேட்பதில்லை. பட்டம் வாங்குகிற நாளில் இதென்ன பேச்சு என்று நினைக்காதீர்கள். உங்களில் ஓரிருவர் நாளை அந்த நாற்காலியில் உட்காரலாம். அதற்கான பெயர்ப்பட்டியல் தயாராகும் அலுவலகங்களில் இன்னும் பலர் வேலை பார்ப்பீர்கள்.

பெரும்பாலான மாநாடுகளுக்கு அரசு யாரைச் சொல்கிறதோ அவர்தான் போவார். ஐ.நா. பொதுச்சபைக்கு நாட்டின் தலைவரோ, பிரதமரோ, வெளியுறவு அமைச்சரோ கையெழுத்திட்ட கடிதம் போதும். ஒன்பது நாடுகள் கொண்ட ஒரு குழு அதைச் சரிபார்க்கும். ஒரே நாட்டுக்கு இரண்டு அரசுகள் உரிமை கொண்டாடினால்தான் அங்கே சிக்கல் வரும்.

ஒரு மாநாடு மட்டும் தொடக்கத்திலிருந்தே வேறு வழியில் போகிறது. 1919-இல் பிறந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆண்டு மாநாடு அது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் நான்கு பிரதிநிதிகள்: அரசுத் தரப்பில் இருவர், முதலாளிகள் தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர். நால்வருக்கும் தனித்தனி ஓட்டு. ஆகவே இந்தியத் தொழிலாளர் பிரதிநிதி இந்திய அரசுக்கு எதிராகவே ஓட்டுப் போடலாம். அது தேசத்துரோகம் ஆகாது, விதியே அதுதான். இன்னொரு கெட்டிக்கார விதியும் உண்டு. தொழிலாளர் பிரதிநிதியை அரசு பெயர் குறிப்பிடாமல் விட்டுவிட்டால், முதலாளிகளின் பிரதிநிதி உட்காரலாம், பேசலாம். ஓட்டுப் போட முடியாது. எதிர்த்தரப்பை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவருக்கு வந்த காரியம் நடக்காது. இதை எழுதியவர்களுக்கு அரசுகளின் குணம் நன்றாகவே தெரிந்திருக்கிறது!

முதல் மாநாடு 1919 அக்டோபரில் வாஷிங்டனில் கூடியது. இந்தியத் தொழிலாளர்களுக்காக என்.எம்.ஜோஷி போனார். அவர் மில் தொழிலாளி அல்லர். இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த சமூகத்தொண்டர். அவரைத் தேர்ந்தெடுத்தது பிரிட்டிஷ் இந்திய அரசு. சங்கங்களைக் கேட்கவில்லையா என்றால், கேட்பதற்கு அகில இந்திய அளவில் ஓர் அமைப்பே அப்போது இல்லை. ஆனால் சென்னையில் ஒரு சங்கம் இருந்தது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம். பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க.வும் பொறுப்பில் இருந்தார். அதன் உறுப்பினர்கள் வேலை பார்த்த பக்கிங்காம் கர்நாடிக் மில்லில் அரை மணி நேரத்துக்குள் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். சாப்பாட்டு இடைவேளையைக் கூட்டித் தரும்படி கேட்டது அந்தச் சங்கத்தின் ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று. வாடியா ஜோஷிக்கு ஆலோசகராக வாஷிங்டன் போனார். ஓட்டு இல்லாத இடம்.

அங்கே என்ன முடிவானது? உலகத்துக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று முதல் உடன்படிக்கை வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தனி விதி போட்டு வாரம் 60 மணி நேரம் என்றார்கள். ஜோஷியை நான் குறை சொல்லவில்லை. தொழிலாளர்களுக்காக வாழ்நாள் முழுக்க உழைத்த மனிதர். ஆனால் ஊர் திரும்பியதும், "அறுபது மணிக்கு எப்படிச் சம்மதித்தீர்கள்?" என்று அவரைக் கேட்கும் உரிமை எந்த மில் தொழிலாளிக்கும் இருக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1920 அக்டோபரில், பம்பாயில் லாலா லஜபதி ராய் தலைமையில் ஏ.ஐ.டி.யு.சி. என்ற அகில இந்தியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு உருவானது. அந்த மாநாட்டுக்கு யாரை அனுப்புவது என்று சொல்ல ஓர் அமைப்பு வேண்டும் என்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம்.

சங்கங்கள் பல ஆனபின் சண்டை வேறு வடிவம் எடுத்தது. 1921 மாநாட்டுக்கு நெதர்லாந்து அரசு, மூன்று சிறிய சங்கக் கூட்டமைப்புகள் சேர்ந்து முன்மொழிந்தவரை அனுப்பியது. நாட்டிலேயே பெரிய கூட்டமைப்பு கொதித்தெழுந்தது. விவகாரம் ஹேக் நகரில் புதிதாக அமைந்த நிரந்தர சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1922-இல் அந்த நீதிமன்றம் சொன்ன முதல் ஆலோசனைக் கருத்தே இதைப் பற்றியதுதான். மூன்றின் உறுப்பினர்களையும் கூட்டினால் பெரிய சங்கத்தைவிட அதிகம்; அரசு செய்தது சரி என்றது நீதிமன்றம். சட்டப்படி அது சரியான கருத்து என்றே நினைக்கிறேன். ஆனால் ஆட்சியாளர்கள் தமக்கு இணக்கமான சங்கங்களை மூட்டை கட்டிக் கணக்குக் காட்டவும் அது வழி வைத்திருக்கிறது. ஆகவே எண்ணிக்கை நேர்மையாக இருந்தாக வேண்டும்.

நம் எண்ணிக்கை எப்படி இருக்கிறது? மத்தியத் தொழிற்சங்கங்களின் உறுப்பினர் எண்ணிக்கையை அரசு சரிபார்த்து முடித்து வெளியிட்ட பட்டியல் 2002 டிசம்பர் 31-ஐ அடிப்படையாகக் கொண்டது. பி.எம்.எஸ். 62 லட்சம், ஐ.என்.டி.யு.சி. 39 லட்சம் என்று அது இறங்குவரிசையில் போகும். அந்த ஆண்டை ஒட்டிப் பிறந்தவர்கள் இதோ பட்டம் வாங்க உட்கார்ந்திருக்கிறீர்கள். முதுகில் சாப்பாட்டுப் பெட்டியைச் சுமந்துகொண்டு செல்போன் செயலி சொல்லும் வீட்டுக்கு ஓடும் பையன் அந்தக் கணக்கில் இருக்க வழியே இல்லை. 2025 ஜூனில் ஜெனீவாவில் கூடிய தொழிலாளர் மாநாடு முதல் சுற்று விவாதமாக எடுத்துக்கொண்டது அவனுடைய வேலையைத்தான்.

கணக்கில் இல்லாதவர்கள் அந்த அரங்குக்குள் நுழைவது லேசான காரியமில்லை. அகமதாபாத்தில் இலா பட் 1972-இல் சுயதொழில் செய்யும் பெண்களுக்கான சேவா அமைப்பைச் சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, "முதலாளியே இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு?" என்று கேட்டார்கள் அதிகாரிகள். விடாமல் போராடிப் பதிவு செய்தார். வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர்களையும் துணி தைக்கிறவர்களையும் தொழிலாளர் என்று ஏற்கும் சர்வதேச உடன்படிக்கை 1996-இல் வந்தது. அதற்குப் பின்னால் சேவாவின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை என்பது வேறு கதை.

பிரதிநிதி என்றால், நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர், நாலு வெளிநாடு பார்த்தவர் என்று தேடுவது நம் வழக்கம். அந்தத் திறமை தேவைதான். அதற்காகவே ஒவ்வொரு விவாதப் பொருளுக்கும் பிரதிநிதிக்கு இரண்டு ஆலோசகர்கள் வரை விதியில் இடம் இருக்கிறது. பெண்களைப் பாதிக்கும் பொருள் என்றால் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. பல நாடுகளில் பெண்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத காலத்தில் எழுதிய விதி! பேச்சுத் திறமையை ஆலோசகர் இருக்கையில் உட்கார வையுங்கள். ஓட்டுள்ள இருக்கைக்கு, திரும்பி வந்ததும் தம் மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டியவரை அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த உரைகல் இது ஒன்றுதான்.

உங்களில் தொழிலாளர் துறைக்குப் போகிறவர்கள், கிடப்பில் இருக்கும் அந்த எண்ணிக்கை வேலையைக் கையில் எடுங்கள். நிறுவனங்களில் மனிதவளப் பிரிவுக்குப் போகிறவர்கள், சங்கம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். பத்திரிகைக்குப் போகிறவர்கள், மாநாடு தொடங்கும் முன்பே நால்வரின் பெயரையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அவர்கள் திரும்பி வந்ததும் எதற்கு எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று தமிழில் அறிக்கை கேளுங்கள்.