சிங்கராஜ வனத்துப் பறவைகள்

பறவைகளைக் காணவென்று இலங்கையிற் பயணஞ் செய்வோர் பெரும்பாலும் குமண, பூந்தல, மன்னார் ஆகிய இடங்களின் நீர்நிலைகளையே நாடுவர். அங்கே மாரிகாலத்தில் வந்திறங்கும் பறவைகளுட் பல வடபுலத்து நாடுகளிலிருந்து வருவன. வழியிலுள்ள பிற நாடுகளிலும் அவற்றைக் காணலாம். ஆயின், இத்தீவையன்றி உலகில் வேறெங்கும் வாழாத பறவையினங்கள் முப்பதுக்கு மேல் உள்ளன. அவற்றைக் காண விழைபவர் தென்மேற்கிலுள்ள மழைக்காட்டினுட் செல்லுதல் வேண்டும். அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு உறைவிடமாய் விளங்குவது சிங்கராஜ வனம்.

இவ்வனம் இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களிற் பரந்து கிடக்கின்றது. களவானைப் பக்கமாகச் செல்பவர் குடாவக் கிராமத்தின் வழியாகவும், தெற்கிலிருந்து செல்பவர் தெனியாய வழியாகவும் உட்புகுவர். மழை ஓயாத இடமாதலின், ஓரளவு மழை குறைந்த சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள மாதங்களே பயணத்திற்கு ஏற்றவை. அட்டைகள் ஏறாதபடி முழங்கால்வரை துணியுறை அணிந்து, விடியற்பொழுதிலேயே நடக்கத் தொடங்குதல் நன்று. வழிகாட்டியின்றி எவரும் உட்செல்லலாகாது என்பது விதி. சுற்றுக் கிராமங்களைச் சேர்ந்தவர்களே வழிகாட்டிகளாய் வருகின்றனர்.

வழிகாட்டியின் தேவை சிறிது நேரத்திலேயே புலனாகும். மரங்கள் வானளாவ ஓங்கியிருத்தலின் உள்ளே ஒளி குறைவு. முதன்முறை செல்பவர் ஒரு மணிநேரம் நடந்தும் ஒரு பறவையையேனும் காணாது சலிப்படைதல் கூடும். பின்னர் எதிர்பாராத வேளையிலே காடு முழுவதும் ஆரவாரிக்கும். கிளைதோறும் பறவைகள் தோன்றும். சில நிமிடங்களில் அனைத்தும் கடந்துபோக, மீண்டும் அமைதி நிலவும்.

இது தற்செயலன்று. சிங்கராஜத்துப் பறவைகள் பல, இனபேதமின்றி ஒன்றாய்த் திரண்டு இரைதேடும் இயல்பின. பறவையியலறிஞர் சரத் கொட்டகம முதலானோர் 1981ஆம் ஆண்டு தொடக்கம் இத்திரள்களை ஆராய்ந்துள்ளனர். ஒரு திரளிலே சராசரியாக 40 பறவைகள் அளவில் இருக்கும். அவை 11 அல்லது 12 இனங்களைச் சேர்ந்தவையாயிருக்கும். திரளின் நடுநாயகமாய் இருப்பது செம்மஞ்சட் சொண்டுடைய தவிட்டுக்குருவி. அது கூட்டமாய்ச் சென்று இலைகளையும் பட்டைகளையும் கிளறும்போது பூச்சிகள் வெளிப்படும். அவற்றைப் பிறவும் பற்றியுண்ணும். உடன்செல்லும் கொண்டைக் கரிச்சானோ காவலாளி போன்றது. வல்லூறு வருமாயின் முதலில் எச்சரிப்பது அதுவே. அது பிற பறவைகளின் குரலைத் தன் குரலாய் ஒலிக்கவும் வல்லது. அக்குரல் கேட்டுப் பிற பறவைகள் அதன்பால் ஈர்க்கப்படுகின்றன என்பதும் ஆய்விற் கண்ட உண்மை.

ஆதலால் நல்ல வழிகாட்டி கண்ணைவிடக் காதையே பெரிதும் நம்புவார். தவிட்டுக்குருவிகளின் இரைச்சல் தூரத்திற் கேட்டதும், திரள் செல்லும் திசையறிந்து, தம்முடன் வந்தவரை அதற்கு முன்னே ஓரிடத்தில் நிறுத்துவார். பின்னர் உயர்ந்த கிளைகளிலே செம்முகப் பூங்குயிலைக் காட்டுவார்; சிங்களத்திற் கெகிபெல்லா எனப்படும், நீல உடலும் செங்கபிலத் தலையுங்கொண்ட காகக்குலப் பறவையையும் காட்டுவார். திரளோடு சேராத பறவைகள் வேறு. மூங்கிற் புதருள் மறையும் பச்சைச் சொண்டுச் செண்பகத்தைக் காணப் பெருந்தவம் வேண்டும்.

இவையெல்லாவற்றினும் அரியது ஒரு சிற்றாந்தை. தீபால் வரக்காகொட என்னும் பறவையியலறிஞர் 1995ஆம் ஆண்டிற் கித்துல்கலைக் காட்டிலே முன்பின் கேளாத ஒரு குரலைக் கேட்டார். அக்குரலுக்குரிய பறவையைக் காண அவருக்கு ஆறாண்டுகள் சென்றன. 2001ஆம் ஆண்டு சனவரியிற் சிங்கராஜத்திலே அதனை அவர் கண்டார். செந்நிறமுடைய அச்சிறிய ஆந்தை, 1868இன் பின் இலங்கையில் அறியப்பட்ட முதற் புதிய பறவையினமாகும். 2004ஆம் ஆண்டில் அதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, தீலோ ஹொஃப்மன் என்பவரின் பெயரை அதனோடு இணைத்தனர்.

அதற்குத் தக்க காரணமுண்டு. 1970களின் தொடக்கத்திலே ஒட்டுப்பலகை செய்வதற்காகச் சிங்கராஜத்து மரங்களை இயந்திரங்கொண்டு வெட்டும் பணி தொடங்கியது. அதனை எதிர்த்துக் குரலெழுப்பியவர்களுள் முன்னின்றவர், அக்காலத்தில் வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவராயிருந்த ஹொஃப்மன். 1977ஆம் ஆண்டிலே வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1988ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்வனத்தை உலக மரபுரிமையாக ஏற்றது. குடாவப் பக்கத்திலே இன்று பறவை காண்போர் நடக்கும் பாதை, அன்று மரமேற்றும் வண்டிகளுக்காக அமைக்கப்பட்டதே. காட்டைக் காக்கப் போராடியவர்கள் அவ்வாந்தை அங்கே வாழ்வதை அறிந்திலர். வெட்டுதல் தொடர்ந்திருப்பின், இவ்வனத்தில் அப்படியொரு பறவை வாழ்ந்தது என்பதையே எவரும் அறியாது போயிருத்தல் கூடும்.

இன்று காட்டிற்கு வருபவர் கோடரியோடு வரவில்லை. காணும் ஆவலோடு வருகின்றனர். எனினும், அளவிறந்த ஆவலுந் தீங்கு பயக்கும். பதிவுசெய்த குரலை ஒலிக்கச்செய்தால், தன் எல்லையுட் பகைப்பறவை புகுந்ததென்று மயங்கி, பறவை இரையையும் குஞ்சையும் விட்டு வெளியே வரும். பகலிற் துயிலும் ஆந்தையின் முகத்தில் ஒளி பாய்ச்சுதலும் அத்தகையதே. இவற்றுக்கு இணங்க மறுக்கும் வழிகாட்டியைக் கடிந்துகொள்ளாது, அவர் காட்டிய தூரத்தில் நின்று சிறிது நேரம் கண்டு அகல்வதே முறையாகும். விரும்பிய பறவையைக் காணாமலே திரும்புகின்ற நாளும் உண்டு. அந்நாளிலும் அப்பறவை அக்காட்டிலேதான் இருக்கின்றது.