காடும் கொல்லைப்புறமும்: மா. கிருஷ்ணன் நினைவுரை



கவிஞர்கள் கூடியுள்ள மன்றத்தில், காட்டில் அலைந்த ஒருவரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். மா. கிருஷ்ணன் வேறெவரையும்விடக் கவிஞர்கள் அறிந்திருக்க வேண்டியவர் என்பதே இவ்வுரையின் துணிபு.

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் எட்டு மக்களுள் கடைக்குட்டி அவர். 1912-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். உப்பு இலாகாவில் உழைத்து, ஓய்வு பெற்றபின் அச்சகமும் இதழும் நடத்திய மாதவையா, 1925-இல் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தில், பட்டப்படிப்பில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று பேசி முடித்த சிறிது நேரத்தில் உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. தமிழுக்காக வழக்காடிய மூச்சோடு தந்தையை இழந்த அப்பிள்ளை, பின்னாளில் தம் எழுத்தின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் எழுதினார். இதை அவர் குறையாகச் சிலர் சொல்வதுண்டு. இயற்கையைப் பற்றி மட்டுமே எழுதி ஒருவர் குடும்பம் நடத்த அன்றைய தமிழ் இதழுலகில் இடமிருந்ததா என்று அவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது.

அன்றைய மயிலாப்பூர் தோப்பும் புதரும் மண்டிய ஊர். அங்கே சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை வளர்த்தான். பள்ளிப் பாடத்தைவிட அதனிடம் கற்றதே மிகுதி எனலாம். மாநிலக் கல்லூரியில் அவருக்குத் தாவரவியல் ஆசிரியராக வாய்த்தவர் ஃபைசன். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைத் தொகுத்து நூலாக்கிய அவ்வறிஞரோடு மலையேறிச் செடிகொடிகளைக் கண்ட அனுபவம் வாழ்நாள் முழுதும் கூட வந்தது. சட்டமும் படித்தார், தொழிலாகக் கொள்ளவில்லை.

1942-இல் பெல்லாரிக்கு அருகிலிருந்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசருக்குச் செயலாளர் என்று பல பொறுப்புகள். நடுவே ஆடு வளர்த்துப் பார்த்தார். தூதுப் புறாக்களைப் பழக்கினார். மற்ற நேரமெல்லாம் குன்றுகளில்தான். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் சென்னைக்குத் திரும்பியவர், அதன்பின் எவரிடமும் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. மனைவியும் மகனும் உள்ள ஒருவர், பேனாவையும் கேமராவையும் மட்டுமே நம்பி வாழத் துணிந்தது எளிய செயலன்று. அத்துணிவில் பாதி அவர் துணைவியாருடையது. காட்டில் கழிந்த வாரங்களின் சுமை அவர் தோளிலும் இருந்தது.

1950-இல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் அவர் தொடங்கிய பத்தி, இரு வாரத்துக்கு ஒருமுறையாக 46 ஆண்டுகள் வெளிவந்தது. 1996 பிப்ரவரி 18 அன்று அவர் மறைந்தார். அன்றும் அப்பத்தி அச்சாகியிருந்தது. உலகில் எத்தனை எழுத்தாளர்க்கு இப்படி ஒரு தொடர்ச்சி கிட்டியது?

அப்பத்தியின் சிறப்பு யாதெனில், யானைக்கும் வீட்டுப் பல்லிக்கும் அதில் ஒரே மதிப்பு. முதுமலையில் யானை மீதமர்ந்து காட்டெருதைப் படமெடுத்தவர், அதே ஊக்கத்தோடு சுவரேறும் அணிலைப் பார்த்தார். 1961-இல் வந்த அவர் நூலின் பெயரே காட்டையும் கொல்லைப்புறத்தையும் சேர்த்துச் சொல்லும். அவர் கையில் இருந்தது துப்பாக்கியன்று, கேமரா; அதுவும் பல கருவிகளின் உறுப்புகளைக் கோத்துத் தாமே அமைத்துக்கொண்டது. 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குக் குறும்பாகப் பெயரும் சூட்டினார். படங்கள் கறுப்பு வெள்ளை. வண்ணத்தின் மயக்கு அவருக்குத் தேவைப்படவில்லை.

நேரு நல்கை பெற்று, தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். பத்மஸ்ரீ விருதும் வந்தது. இவையெல்லாம் குறிப்பேடுகளில் உள்ளவை, விரித்துரைக்க வேண்டியதில்லை.

விரித்துரைக்க வேண்டியது வேறொன்று. சாலையோரங்களில் அயல்நாட்டு அலங்கார மரங்களை நடுவதை அவர் விடாது கண்டித்தார். ஒரு நாட்டின் அடையாளம் அதன் மரமும் விலங்கும் பறவையுமே என்பது அவர் கொள்கை. இதைக் கவிஞர்கள் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். கோடையில் செந்நிறமாகப் பூக்கும் குல்மொஹரைத் தமிழ் மண்ணின் மரமென்று பாடுகிறோம்; அது மடகாஸ்கரிலிருந்து வந்தது. புன்னையும் புங்கும் முருக்கும் கண்முன் நிற்க, அவற்றின் பெயர் தெரியாமல் 'ஒரு மரம்' என்று எழுதுகிறோம். குயிலைப் பெண்ணாக்கிப் பாட வைப்பது நம் வழக்கம். 'கூ' என்று சுரமேற்றிக் கூவுவது கரிய ஆண்குயில். புள்ளிகளுடைய பெண்குயிலின் குரல் வேறு. மரபை அழிக்க வேண்டுமென்பதன்று. சங்கப் புலவர் பூவின் நிறமும் விலங்கின் நடையும் அறிந்து உவமை சொன்ன மொழியில், பார்க்காமலே பாடும் பழக்கம் எப்போது புகுந்தது என்பதே வினா.

கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார். இதழ்களில் சிதறிக் கிடந்த அக்கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுக்க, 'மழைக்காலமும் குயிலோசையும்' 2002-இல் நூலாயிற்று. ஆசிரியர் மறைந்து ஆறாண்டுகள் கழித்து! அதைப் படிப்பவர், கலைச்சொற்களின் பாரம் இன்றி இயற்கையைப் பற்றித் தெளிந்த தமிழ் உரைநடை எழுத முடியும் என்பதைக் காண்பர். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்னும் துப்பறியும் நாவலும் அவருடையதே என்றால், அவரைக் கடுமையானவர் என்று மட்டும் கேள்விப்பட்டோர் வியப்பர்.

அக்கடுமைக்குள்ளே இருந்த பாட்டனாரையும் சொல்லியாக வேண்டும். தம் பேத்திக்காக, அகரவரிசையில் ஓர் எழுத்துக்கு ஒரு விலங்கென ஆங்கிலத்தில் வேடிக்கைப் பாடல்கள் புனைந்து, படமும் தாமே வரைந்தார். பத்திரிகைக்கு எழுதியதில்லை, பணத்துக்கும் இல்லை. வீட்டுக்குள் ஒரு குழந்தையின் கையில் இருந்த அந்த விலங்குகள், 2021-இல்தான் புத்தகமாகி வெளியே வந்தன.