மழை மறைவில் ஒரு சமவெளி



இயற்கைப் புவியியலை ஒரு தாளாகவும் மானுடப் புவியியலை இன்னொரு தாளாகவும் படித்துத் தேர்வு எழுதுகிறோம். படிக்கிற வசதிக்கு அது சரி. ஊர்கள் அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாயையும் அதன் கிழக்கே விரியும் கோவைச் சமவெளியையும் வைத்து இதைச் சொல்ல விரும்புகிறேன்.

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டிலும் 2,500 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் உண்டு. நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் அறுந்து கிடக்கிறது; அதுதான் இந்தக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, தன் ஈரத்தை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலை தாண்டிக் கீழிறங்கும் காற்று சூடேறி வறண்டுபோகிறது. மழை மறைவுப் பகுதி என்று பாடநூல் சொல்வது இதைத்தான். ஆனைமலையில் சின்னக்கல்லாறு ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுகிறது. கோவை நகரத்துக்குச் சராசரியாகக் கிடைப்பது 700 மில்லிமீட்டருக்குள்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தருவது.

கணவாய்க்குள் நுழையும் காற்று மலையேற வேண்டியதில்லை, வேகம் பிடித்து வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். மேற்குக் கடற்கரையிலிருந்து வந்த பழைய வணிகப் பாதையும் இதே வழியில்தான். அதற்குச் சான்றாக, இந்தச் சமவெளி அடங்கிய கொங்கு நாட்டில் ரோமானிய நாணயங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைப் பேப்பூர் வரை போன ரயிலும் போத்தனூர் வழியாக இதற்குள்தான் புகுந்தது. ஊர் நிற்கிற மண் ஒன்று. அந்த ஊர் எந்த ஊர்களை இணைக்கிற வழியில் நிற்கிறது என்பது இன்னொன்று. அமைவிடம் பற்றிப் படிக்கும்போது இரண்டையும் பாருங்கள்.

மழை குறைந்த மண்ணில் வெள்ளாமை எப்படி நடந்தது? பாறையை உடைத்து ஆழக் கிணறு வெட்டினார்கள். கவலை பூட்டி நீர் இறைத்தார்கள்: எருதுகள் சரிவில் முன்னே இறங்கினால் நீர் மொள்ளும் சால் மேலே வரும், பின்னோக்கி ஏறினால் சால் கிணற்றுக்குள் போகும். விடியுமுன் தொடங்கி, பாத்தி பாத்தியாக நனைத்த உழைப்பு அது. கரிசலில் பருத்தி விளைந்தது; 1888இல் கோவையில் முதல் நூற்பாலை வந்தது. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின, கிணறுகளில் மோட்டார் ஓடியது. இதில் நான் மிகவும் வியப்பது ஒன்று உண்டு. கோவைக்கு வரவேண்டிய மழையை மறித்த அதே நீலகிரி, அந்த மழைநீரையே மின்சாரமாக்கிக் கீழே அனுப்பியது.

இயற்கை வாய்ப்புகளைத் தருகிறது, தேர்ந்துகொள்வது மனிதர் என்பது பிரெஞ்சு அறிஞர் விடால் டி லா பிளாஷ் வழிவந்த சிந்தனை. கோவை அதற்கு நல்ல சான்று. ஆனால் அப்படித் தேர்ந்துகொள்வதற்கு விலையும் உண்டு. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீர் தேங்கியது; அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று விவசாயிகளே சொன்னார்கள். கழிவுநீர் வெளியேற்றத்தை முற்றிலும் நிறுத்தாத சாய ஆலைகளை மூட 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யல் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு. சாயக்கழிவின் உப்பைக் கரைத்து இழுத்துப்போக அதில் வெள்ளம் இல்லை. மழை மறைவு இங்கேயும் வந்து நிற்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரத்துப்பாளையம் எந்தத் தாளில் வரும் என்று ஒரு மாணவர் கேட்டால், இரண்டு தாள்களையும் நடத்துகிறவர்கள் சேர்ந்தே வகுப்புக்குப் போங்கள். முடிந்தால் பிள்ளைகளை அந்த அணைக்கரைக்கே அழைத்துப் போங்கள்.